தொலைக்காட்சியின் சுயகட்டுப்பாடும் நம் குழந்தைகளும்

மாலை 6 மணிக்குத் தொடங்கி இரவு 10 மணி வரை நம் வீடுகளில் ஓடுவது எது என்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு தொடர் முடிந்ததும் அடுத்த தொடர். அம்மா சமையலறையிலிருந்து வந்து வந்து எட்டிப் பார்ப்பார். பாட்டி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். அதே கூடத்தில் தரையில் புத்தகத்தை விரித்துக்கொண்டு நான்காம் வகுப்புப் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும். திரையில் ஒருவர் மருமகளின் பாலில் எதையோ கலக்குகிறார். சொத்துக்காக ஒரு குழந்தையைக் கடத்துகிறார்கள். கர்ப்பிணிப் பெண்ணைப் படிக்கட்டிலிருந்து தள்ளிவிடுகிறார்கள். அதையும் மூன்று கோணத்தில், மெதுவாக, இசையோடு காட்டுகிறார்கள். பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறது. யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஏனென்றால் இது 'குடும்பத் தொடர்'!

இந்த நேரத்தில் இந்தக் காட்சி வரலாம் என்று முடிவு செய்தவர் யார்? திரைப்படத்திற்குத் தணிக்கை வாரியம் இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது. தொலைக்காட்சித் தொடரை முன்கூட்டியே பார்த்துச் சான்று தரும் வாரியம் எதுவும் நம் நாட்டில் இல்லை. ஒளிபரப்பும் நிறுவனமே தன் நிகழ்ச்சியைத் தானே எடைபோட்டுக் கொள்கிறது. இதற்குச் சுயகட்டுப்பாடு என்று பெயர். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதை என்று நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அவ்வளவு எளிதாகச் சிரித்துத் தள்ளிவிடக்கூடிய விஷயம் அல்ல இது. இந்த ஏற்பாட்டில் பார்வையாளர்களாகிய நமக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த இடம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது என்பதைத்தான் இங்கே சிந்திக்க விரும்புகிறோம்.

சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். 1959ல் டெல்லியில் தொடங்கிய தொலைக்காட்சி 1975ல் சென்னைக்கு வந்தது. அன்று இருந்தது தூர்தர்ஷன் ஒன்றுதான். அது அரசின் கையிலேயே இருந்ததால், யார் கட்டுப்படுத்துவது என்ற கேள்வி பெரிதாக எழவில்லை. 1991க்குப் பிறகு செயற்கைக்கோள் சேனல்கள் வந்தன. 1993 ஏப்ரலில் தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்தது. தெருவுக்குத் தெரு கேபிள் கம்பி இழுத்தார்கள். இதற்கெல்லாம் ஒரு சட்டம் வந்து சேர்ந்தது 1995ல்தான். கேபிள் தொலைக்காட்சி வலையமைப்பு ஒழுங்குமுறைச் சட்டம் என்பது அதன் பெயர். அதன் விதிகளில் 6ம் விதியை 'நிகழ்ச்சி நெறிமுறை' என்கிறார்கள். குழந்தைகளை இழிவுபடுத்தும் நிகழ்ச்சி கூடாது என்கிறது அது. குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளில் கெட்ட வார்த்தையோ அப்பட்டமான வன்முறையோ இருக்கக்கூடாது என்கிறது. குழந்தைகளுக்குப் பொருந்தாத நிகழ்ச்சியை, மிக அதிகமான குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் காட்டக்கூடாது என்றும் சொல்கிறது.

கடைசியாகச் சொன்னதை இன்னொரு முறை வாசியுங்கள். மிக அதிகமான குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் எது? பள்ளி முடிந்து, டியூஷன் முடிந்து, சாப்பிட்டுத் தூங்கும் வரை உள்ள நேரம். அதாவது நாம் முதலில் சொன்ன அதே நேரம்.

விதி தாளில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியவர் ஓர் ஆசிரியை. மும்பை புனித சவேரியார் கல்லூரியில் அரசியல் அறிவியல் கற்பித்த அவர், 'ஏ' சான்றிதழ் படங்களைத் தொலைக்காட்சியில் காட்டுவதை எதிர்த்து மும்பை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். 'யு' அல்லது 'யு/ஏ' சான்றிதழ் பெற்ற படங்களை மட்டுமே வீடுகளுக்குள் அனுப்பலாம் என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடாக இருந்தது. 2006 ஆகஸ்டில் மும்பைக் காவல்துறை நடவடிக்கையில் இறங்கியபோது, கேபிள்காரர்கள் பயந்துபோய் திரைப்படச் சேனல்களையே சில நாட்கள் நிறுத்திவிட்டார்கள். படமே இல்லாமல் மும்பை தவித்தது என்று அப்போது கேலியாகக்கூட எழுதினார்கள். கேலி செய்தவர்கள் செய்யட்டும். 'ஏ' படத்தை அப்படியே காட்டாமல், வெட்டி, மறுசான்று வாங்கிக் காட்ட வேண்டும் என்ற வழக்கம் நிலைபெற்றதில் அந்த ஒரு மனுவுக்குப் பெரிய பங்கு உண்டு. 2023ல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டம் அந்த மறுசான்றை வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

ஆனால் படத்திற்குச் சான்றிதழ் இருக்கிறது, தொடருக்கு இல்லையே? 2007ல் மத்திய அரசு ஒளிபரப்பு மசோதா ஒன்றையும், நிகழ்ச்சிகளுக்கான நெறிமுறை ஒன்றையும் முன்வைத்தது. ஒளிபரப்பு நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்தன. எங்களை நாங்களே கட்டுப்படுத்திக்கொள்கிறோம், அரசு உள்ளே வரவேண்டாம் என்பது அவர்கள் வாதம். இப்படிப் பிறந்தவைதான் இன்றுள்ள மன்றங்கள். செய்திச் சேனல்களின் சங்கம் 2008ல் ஒரு தர ஆணையத்தை நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் அமைத்தது. பொழுதுபோக்குச் சேனல்களின் கூட்டமைப்பு 2011 ஜூனில் 'ஒளிபரப்பு உள்ளடக்கப் புகார் மன்றம்' என்ற ஒன்றை நீதிபதி ஏ.பி. ஷா தலைமையில் அமைத்தது. சுருக்கமாக பி.சி.சி.சி. என்பார்கள்.

இந்த பி.சி.சி.சி. வெறும் பெயரளவு அமைப்பு என்று நினைத்துவிட வேண்டாம். 13 பேர் கொண்ட மன்றம் அது. தலைவர் ஓய்வுபெற்ற உயர்நிலை நீதிபதி. ஒளிபரப்புத் துறையைச் சேர்ந்தவர்கள் நான்கு பேர் மட்டுமே. நான்கு பேர் சமூகத்தில் அறியப்பட்ட வெளியாட்கள். மீதி நான்கு இடம் மகளிர் ஆணையம், குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் போன்ற தேசிய ஆணையங்களுக்கு. ஆக, பூனைகள் நான்குதான்! நிகழ்ச்சிகளை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள்: எல்லாரும் பார்க்கக்கூடிய பொது வகை ஒன்று, கட்டுப்பாட்டுக்குரிய வகை மற்றொன்று. இரண்டாவது வகையை இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரைதான் காட்டலாம்.

இந்த மன்றம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 2017ல் நடந்த ஒன்றைச் சொல்லலாம். தமிழில் அல்ல, சோனியின் இந்திச் சேனலில். 'பெஹ்ரேதார் பியா கி' என்றொரு தொடர் அந்த ஆண்டு ஜூலையில் தொடங்கியது. ஒன்பது வயதுச் சிறுவனுக்கும் 18 வயதுப் பெண்ணுக்கும் திருமணம் என்பது கதை. சிறுவனைக் காப்பாற்றத்தான் அந்தப் பெண் மணந்துகொள்கிறாள் என்று கதைக்காரர்கள் காரணம் சொன்னார்கள். ஆனால் அந்தச் சிறுவன் அவளைப் பின்தொடர்வதும், நெற்றியில் குங்குமம் இடுவதும், முதலிரவு பற்றிய பேச்சும் எல்லாம் இரவு எட்டரை மணிக்கு, குடும்பமே உட்கார்ந்திருக்கும் நேரத்தில் வந்தன. பார்வையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். இணையத்தில் மனு ஒன்று தயாராகி, பல்லாயிரம் பேர் கையொப்பமிட்டு, ஒலிபரப்புத் துறை அமைச்சருக்குப் போனது. அமைச்சர் அதை பி.சி.சி.சி.க்கு அனுப்பினார். தொடரைப் பின்னிரவு நேரத்திற்கு மாற்றவும், குழந்தைத் திருமணத்தை ஆதரிக்கவில்லை என்ற வாசகத்தைத் திரையில் ஓட்டவும் மன்றம் சொன்னது. தொடர் பத்தரை மணிக்குப் போயிற்று. ஆகஸ்டு மாதம் முடிவதற்குள் சேனலே அதை நிறுத்திவிட்டது.

இதில் இரண்டு பாடம் நமக்குத் தெரிகிறது. மன்றத்திற்குப் பல் இருக்கிறது என்பது ஒன்று. அந்தப் பல் தானாகக் கடிப்பதில்லை என்பது மற்றொன்று. தொடர் எழுதப்பட்டபோது, நடிகர்கள் தேர்வானபோது, படமானபோது, முன்னோட்டம் ஓடியபோது, அந்தச் சேனலுக்குள் இருந்த யாரும் இது சரியில்லையே என்று நிறுத்தவில்லை. சுயகட்டுப்பாடு என்ற சொல்லில் உள்ள 'சுய' அங்கேதான் வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. வெளியிலிருந்து சத்தம் வந்த பிறகுதான் எல்லாம் நகர்ந்தது.

இனி அந்த 11 மணிக் கணக்கைப் பார்ப்போம். இங்கிலாந்தில் இரவு 9 மணி தாண்டினால் பெரியவர்களுக்கான நிகழ்ச்சிகளைக் காட்டலாம். நம்முடையது 11. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் நாம்தான் கண்டிப்பானவர்கள் என்று மார்தட்டிக்கொள்ளலாம். ஆனால் அந்த 11 மணிக்கு முன் 'பொது வகை' என்ற பெயரில் என்ன வருகிறது என்பதல்லவா கேள்வி? நிர்வாணம் இல்லை, ரத்தம் கொட்டவில்லை, கெட்ட வார்த்தை வந்த இடத்தில் 'பீப்' ஒலி. விதிப்படி எல்லாம் சரி. ஆனால் ஆறு மாதமாக ஒரு பெண்ணை அணு அணுவாக வதைப்பதும், பொய் சொல்லியே ஜெயிப்பதும், பழிவாங்குவதைச் சாமர்த்தியம் என்று காட்டுவதும் எந்த வகையிலும் அடங்காமல் நழுவிவிடுகின்றன. ஒரு காட்சியை எடுத்துப் பார்த்தால் குற்றம் சொல்ல முடியாது. இருநூறு எபிசோடுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும், பிள்ளையின் மனதில் படிந்தது என்ன என்று. அதனால்தான் இந்தத் தொடர்களின் பாதிப்பைப் பற்றிப் புகார் எழுதுவது கடினமாக இருக்கிறது. எதைச் சுட்டிக்காட்டுவது?

இத்தாலியில் வேறொரு வழியில் போனார்கள். 2002 நவம்பரில் அங்குள்ள ஒளிபரப்பு நிறுவனங்கள் 'தொலைக்காட்சியும் சிறாரும்' பற்றிய சுயகட்டுப்பாட்டு நெறிமுறை ஒன்றில் கையெழுத்திட்டன. காலை 7 முதல் இரவு 10.30 வரை குடும்பம் பார்க்கும் நேரம் என்று வகுத்ததோடு, மாலை 4 முதல் 7 வரை குழந்தைகளுக்கென்றே சிறப்பாகப் பாதுகாக்க வேண்டிய நேரம் என்று தனியாக ஒதுக்கினார்கள். அந்த மூன்று மணி நேரத்தில் விளம்பரத்துக்கும் முன்னோட்டத்துக்கும்கூடக் கூடுதல் கவனம். இதில் நமக்குப் பிடித்தது ஒன்று உண்டு. எப்போது காட்டலாம் என்று பெரியவர்களின் பக்கமிருந்து யோசிக்காமல், பிள்ளை எப்போது தனியாகத் திரைமுன் உட்காருகிறது என்று பிள்ளையின் பக்கமிருந்து யோசித்திருக்கிறார்கள். விரும்பிக் கையெழுத்திட்ட அந்த நெறிமுறையை, இரண்டே ஆண்டுகளில், 2004ல் வந்த சட்டம் எல்லாருக்கும் கட்டாயமாக்கிவிட்டது. சுயமாக எடுத்த வாக்குறுதியைச் சட்டம் பிடித்துக்கொண்டது என்று சொல்லலாம்.

நம் நாட்டிலும் இது ஒரு துறையில் நடந்திருக்கிறது. சிப்ஸ், குளிர்பானம், சாக்லேட் விளம்பரங்களைக் கார்ட்டூன்களுக்கு நடுவே பார்த்துப் பழகியவர்கள் நாம். உணவு நிறுவனங்கள் ஒன்பது, குழந்தைகளைக் குறிவைத்து இப்படி விளம்பரம் செய்வதைக் குறைத்துக்கொள்வதாகத் தாமாகவே முன்வந்ததாக 2018ல் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. ஒன்பது நிறுவனம் போக மற்றவை? 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல், குழந்தைகளுக்கான நிகழ்ச்சியின்போதும் குழந்தைகளுக்கென்றே உள்ள சேனலிலும் இத்தகைய நொறுக்குத்தீனி விளம்பரம் கூடாது என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டது. நல்லது. ஆனால் பிள்ளைகள் பாட்டியோடு பார்ப்பது கார்ட்டூன் சேனலை அல்லவே! கிரிக்கெட்டும் தொடரும் 'குழந்தைகளுக்கான நிகழ்ச்சி' என்ற கணக்கில் வருவதில்லை.

கார்ட்டூன் என்றதும் ஷின்சான் நினைவுக்கு வருகிறான். பெரியவர்களை எதிர்த்துப் பேசுகிறான், சட்டையைக் கழற்றிவிட்டு ஆடுகிறான் என்று பெற்றோர் புகார் செய்ததால் 2008ல் அரசு அதை நிறுத்தியது. அடுத்த ஆண்டு பல வெட்டுகளோடு திரும்பி வந்தான். இன்றும் நம் பிள்ளைகள் அவன் குரலில்தான் பேசுகிறார்கள். அந்தப் புகார் சரியா, மிகையா என்பது வேறு பேச்சு. நமக்கு வியப்பு என்னவென்றால், ஷின்சானுக்கு எழுந்த அளவு கோபம் கர்ப்பிணியைப் படிக்கட்டில் தள்ளும் தொடருக்கு எழுவதில்லை. ஷின்சானை நாம் பார்ப்பதில்லை. தொடரை நாம் பார்க்கிறோம்.

திரைக்கு முன்னால் உட்காரும் குழந்தையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். திரைக்கு உள்ளே நிற்கும் குழந்தையும் இருக்கிறது. ஆறு வயதுச் சிறுமி காதல் பாட்டுக்குப் பெரியவர்களைப் போல இடுப்பை அசைத்து ஆடுகிறாள். நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். தோற்றால் அழும் முகத்தைக் கேமரா நெருங்கிப் போய்க் காட்டுகிறது. 2019 ஜூனில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் எல்லாத் தனியார் சேனல்களுக்கும் அறிவுரை அனுப்பியது. வயதுக்குப் பொருந்தாத அசைவுகளையும் பாவனைகளையும் நடன நிகழ்ச்சிகளில் சிறார்களிடமிருந்து எதிர்பார்க்க வேண்டாம் என்பது அதன் சாரம். கேமரா முன் வேலை செய்யும் குழந்தைக்கு 2017ல் வந்த குழந்தைத் தொழிலாளர் விதிகளும் உண்டு. ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வின்றி நிற்கவைக்கக் கூடாது. வருமானத்தில் 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் நிரந்தர வைப்பில் போட வேண்டும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நள்ளிரவு வரை நீளும் படப்பிடிப்பில் யார் கடிகாரம் பார்க்கிறார்கள்? பெரும்பாலும் பெற்றோரேதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

இதில் சேனல்களை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நம் பங்குத் திருவிழாக் கலை நிகழ்ச்சியில், ஆண்டுவிழா மேடையில், மறைக்கல்விப் பிள்ளைகள் எந்தப் பாட்டுக்கு ஆடுகிறார்கள்? முன்வரிசையில் பங்குப்பேரவையினர் உட்கார்ந்திருக்க, அந்த வாரம் பிரபலமான குத்துப்பாட்டுக்குக் குழந்தைகள் ஆடுவதும், கூட்டம் 'ஒன்ஸ்மோர்' கேட்பதும் நமக்குப் புதிதல்ல. தொலைக்காட்சி நமக்குக் கற்றுக்கொடுத்ததா, நம் ரசனையைத் தொலைக்காட்சி பிடித்துக்கொண்டதா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

செய்திச் சேனல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 2019 அக்டோபர் 25 மாலை மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. 29ம் தேதி அதிகாலை வரை, எண்பது மணி நேரத்துக்கு மேல், தமிழகமே திரைமுன் உட்கார்ந்து செபித்தது. அந்தக் கவலை உண்மையானது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் குழிக்குள் இறக்கப்பட்ட கேமராவில் தெரிந்த சின்னஞ்சிறு கையை இரவும் பகலும் திரும்பத் திரும்பக் காட்டினார்களே, அதை எத்தனை வீடுகளில் நான்கு வயதும் ஐந்து வயதுமான பிள்ளைகளும் நம் மடியில் இருந்தபடியே பார்த்தன! தீபாவளி விடுமுறை வேறு. செய்திக்கு வயது வரம்பு இல்லை, நேர வரம்பும் இல்லை. செய்திச் சேனல்களின் சுயகட்டுப்பாடு எவ்வளவு மெலிந்தது என்பதை உச்ச நீதிமன்றமே 2023 ஆகஸ்டில் சுட்டிக்காட்டியது. தவறு செய்த சேனலுக்கு விதிக்கக்கூடிய அபராதம் ஒரு லட்சம் ரூபாய்தான். 2008ல் வைத்த தொகை. ஒரு நிகழ்ச்சியால் கிடைக்கும் லாபத்தோடு ஒப்பிட்டால் அது எந்த மூலைக்கு என்று நீதிபதிகள் கேட்டார்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் அரசே எடுத்துக்கொள்ளட்டுமே என்று நம்மில் பலர் சொல்வார்கள். அன்பியக் கூட்டங்களில் இப்படித்தான் பேச்சு முடிகிறது. நாம் கொஞ்சம் தயங்குகிறோம். வானலைகள் பொதுச் சொத்து, தனியாருக்கும் சொந்தமல்ல, அரசுக்கும் சொந்தமல்ல என்று உச்ச நீதிமன்றம் 1995ல், வங்காளக் கிரிக்கெட் சங்கத்தின் வழக்கில், தீர்ப்புச் சொன்னது. ஆபாசக் காட்சியை வெட்டும் அதே கத்தரிக்கோல் நாளை அரசுக்குப் பிடிக்காத செய்தியையும் வெட்டும். சிறுபான்மையினராகிய நாம் இதை மற்றவர்களைவிட நன்றாகவே உணர்ந்திருக்க வேண்டும். 2021 ஜூனில் திருத்தப்பட்ட கேபிள் விதிகள் ஒரு நடுவழியைப் பிடித்தன. முதலில் சேனல், அடுத்து சுயகட்டுப்பாட்டு மன்றம், அதற்கும் மேலே அரசின் குழு என்று மூன்று படி. அரசு மேலே உட்கார்ந்திருப்பது நமக்கு முழுச் சம்மதமில்லை என்றாலும், ஒரு நன்மை விளைந்தது: புகாருக்குக் காலக்கெடு வந்தது.

அந்தக் கெடுவைக் கூட்டிப் பார்த்தால் குறையும் தெரிகிறது. சேனல் 24 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும்; 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லை என்றால் 15 நாளுக்குள் மன்றத்துக்கு மேல்முறையீடு. மன்றத்துக்கு 60 நாள். ஆக 90 நாள் ஆகிவிடலாம். வாரத்துக்கு ஆறு நாள் ஓடும் தொடர் அதற்குள் எழுபத்தைந்து எபிசோடுகளைத் தாண்டியிருக்கும். பாலில் கலந்த விஷம் யார் நினைவிலும் இருக்காது, பார்த்த பிள்ளையைத் தவிர. தொடர்களுக்கு இந்தக் கெடுவைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பதும், மன்றத்தின் தீர்ப்பை அதே சேனலில் அதே நேரத்தில் தமிழில் அறிவிக்க வேண்டும் என்பதும் நம் தரப்பிலிருந்து எழ வேண்டிய கோரிக்கைகள். மாலை 4 முதல் 7 வரை என்று இத்தாலியர் செய்தது போலக் குழந்தைகளுக்கு ஒரு நேரத்தை ஒதுக்குங்கள் என்றும் கேட்கலாம். குழந்தைகள் உரிமை ஆணையத்துக்கு அந்த மன்றத்தில் இடமிருக்கிறது, கேட்கச் சொல்லலாம்.

திருச்சபை இந்தக் கேள்வியைப் புதிதாகச் சந்திக்கவில்லை. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமூகத்தொடர்புக் கருவிகள் பற்றிய ஏடு, வீட்டுக்குள் எது வருகிறது என்று பார்க்கும் கடமையைப் பெற்றோருக்குச் சொன்னது. அதே மூச்சில், இளையோரைக் காக்கும் கடமையை அரசுக்கும் சொன்னது. திருத்தந்தை 16ம் பெனடிக்ட் 2007ம் ஆண்டின் உலக சமூகத்தொடர்பு நாள் செய்தியைக் குழந்தைகளும் ஊடகமும் என்ற பொருளுக்கே ஒதுக்கினார். பொழுதுபோக்கு என்ற பெயரில் வன்முறையைப் போற்றும், பாலியலைக் கொச்சைப்படுத்தும் நிகழ்ச்சிகளை, கார்ட்டூனும் வீடியோ விளையாட்டும் உட்பட, அவர் கடுமையான சொல்லால் கண்டித்தார். குழந்தைகளுக்கு அழகானதை, நல்லதைக் காட்டிப் பழக்குங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். மறைக்கல்வி வகுப்பில் இதை எத்தனை பேர் வாசித்துக் காட்டினோம்?

டிவியை யார் சார் பார்க்கிறார்கள், எல்லாம் செல்போனில்தான் என்று இளைஞர்கள் சொல்வது காதில் விழுகிறது. உண்மைதான். அதற்கும் 2021ல் விதி வந்தது. இணையவழித் தொடர்களுக்கு 7, 13, 16 வயது என்று தரம் பிரித்து, 13க்கு மேற்பட்டவற்றைப் பெற்றோர் பூட்டிவைக்க வழி செய்ய வேண்டும் என்றார்கள். ஆனால் போனைப் பிடுங்கிவைக்கும் பெற்றோரே கூடத்து டிவியைப் பாதுகாப்பானது என்று நம்பிப் பிள்ளையை அதன் முன் உட்கார வைக்கிறார்கள். பாட்டி பார்ப்பதுதானே, என்ன ஆகிவிடும் என்ற எண்ணம். தொடர் எழுதுகிறவர்களோ வாரந்தோறும் வியாழக்கிழமை வரும் பார்வையாளர் கணக்கைத்தான் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் நம் வீடும் 'பிடித்திருக்கிறது' என்ற பக்கம்தான் சேருகிறது. பிடிக்கவில்லை என்று சொல்ல நமக்கு உள்ள ஒரே தாள், புகார்த் தாள்.

அதை எழுதுவது பெரிய வித்தை அல்ல. இளைஞர் இயக்கமோ, பெண்கள் பணிக்குழுவோ, ஓர் அன்பியமோ சேர்ந்து ஒரு மாலையில் செய்துவிடலாம். சேனலின் பெயர், நிகழ்ச்சியின் பெயர், ஒளிபரப்பான தேதி, நேரம் இவற்றைத் தவறாமல் குறிக்க வேண்டும். இவை இல்லாத புகார் குப்பைக்குப் போகும். 'தொடர் முழுவதும் மோசம்' என்று எழுதினால் பயனில்லை. எந்தக் காட்சி, அதில் என்ன காட்டினார்கள், எத்தனை முறை காட்டினார்கள் என்று எழுத வேண்டும். கேபிள் விதிகளின் 6ம் விதி, குழந்தைகள் அதிகம் பார்க்கும் நேரம் பற்றிய பிரிவு என்று ஒரு வரி சேர்த்தால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். முதலில் சேனலின் குறைதீர் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். முகவரி அவர்கள் இணையதளத்தில் இருக்கும், திரையின் அடியில் அவ்வப்போது ஓடும் எழுத்திலும் வரும். வேகமாக ஓடி மறைந்துவிடும் என்பதால் கையில் பேனாவோடு காத்திருக்க வேண்டும்! நகல் ஒன்றை வைத்துக்கொண்டு, அனுப்பிய நாளிலிருந்து 15வது நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். அன்று பதில் வரவில்லை என்றால் மறுநாளே மேல்முறையீட்டை பி.சி.சி.சி.க்கு அனுப்பலாம்.